மூக்குத் தண்டில் ஒற்றை முடி

“குழந்தையின் மூக்குத் தண்டில் ஊசி குத்தியதுபோல் ஒரு குழி, அதில் ஒற்றை முடி. பிடுங்கிவிடலாமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வேண்டாம். அந்தக் குழி மண்டையோட்டின் அடித்தளம் வரை போயிருக்கலாம்.

கருவின் தொடக்க வாரங்களில் மூளையின் உறை விரல்போல் நீண்டு, மண்டை அடித்தளத்தில் உள்ள ஃபொராமன் சீக்கம் என்ற சிறு துளை வழியாக இறங்கி, மூக்கு நுனித் தோலைத் தொடுகிறது. பிறகு உள்ளே சுருங்கிக்கொள்ள, துளை மூடிவிடும். சுருங்கும்போது தோலையும் இழுத்துக்கொண்டு போனால் டெர்மாய்ட்: உள்ளே முடி, எண்ணெய்ச் சுரப்பி எல்லாம் இருக்கும். மூளைத் திசுவில் ஒரு துணுக்கு வெளியே சிக்கி, துளை மூடிக்கொண்டால் கிளையோமா. பெயர்தான் மிரட்டும், இது புற்றுநோய் அல்ல. துளை மூடாமல் மூளையுறையோ மூளையோ பிதுங்கி நின்றால் என்செபலோசீல். மூன்று கட்டிகள், ஒரே பாதை! 20,000 முதல் 40,000 பிறப்புகளில் ஒன்றில்தான் இந்தப் பாதை பிசகுகிறது.

கையால் பார்த்தே பாதி தெரிந்துவிடும். குழந்தை அழும்போதோ, கழுத்துச் சிரைகளை மெல்ல அழுத்தும்போதோ கட்டி உப்பினால் (ஃபர்ஸ்டன்பெர்க் சோதனை) அது மூளை நீரோடு தொடர்புள்ள என்செபலோசீலாக இருக்க வாய்ப்பு அதிகம். டெர்மாய்டும் கிளையோமாவும் உப்பாது. ஆனால் உப்பவில்லை என்பதை நம்பிக் கட்டியில் ஊசியால் குத்திப் பார்க்கக் கூடாது: கிளையோமாக்களில் ஏறத்தாழ 15 சதவீதம் நார்க்காம்பு ஒன்றால் உள்ளே இணைந்திருக்கும். கைக்குழந்தையின் மூக்குக்குள் ‘பாலிப்’ (சதை வளர்ச்சி) தெரிந்தாலும் சந்தேகப்பட வேண்டும். அந்த வயதில் சாதாரண பாலிப் மிக அரிது. ஸ்கேனுக்கு முன் பயாப்ஸி (சோதனைக்காகத் திசு வெட்டுவது) எடுத்தால் மூளை நீர் கசியலாம், மூளைக்காய்ச்சல் வரலாம். இதில் அவசரத்துக்கு எந்த நியாயமும் இல்லை என்பேன்.

முதலில் எடுக்க வேண்டியது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். சி.டி. ஸ்கேன் எலும்பைத் தெளிவாகக் காட்டும், ஆனால் சிசுவின் மண்டை அடித்தளத்தில் முன்பகுதி இன்னும் குருத்தெலும்புதான். அதனால் இல்லாத ஓட்டை இருப்பதுபோல் தெரியும்.

சிகிச்சை அறுவைதான். டெர்மாய்டில் குழி, பாதை, கட்டி மூன்றையும் சேர்த்தே எடுக்க வேண்டும். பாதை மண்டை அடித்தளத்தைத் தொட்டால், அங்கே அதன் முனையை வெட்டி உடனடியாக நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வெறும் நார்த் திசு என்றால் அங்கேயே நிறுத்தலாம். தோல் செல்கள் தெரிந்தால் மண்டைக்குள்ளும் தொடர வேண்டும். என்செபலோசீலில் பிதுக்கத்தை அகற்றிவிட்டு ஓட்டையை நீர் கசியாதபடி அடைப்பார்கள். டெர்மாய்டில் ஒரு துளி தோல் மிஞ்சினாலும் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் வளரலாம். எனவே தழும்பு ஆறிய பிறகும் கண்காணிப்பு தொடரும்.