கைமாற்று வாங்கும் ஃபில்டர்

இணையதளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் தமிழ்த் தளம் நடத்துபவர்கள் பலருக்கு முகப்புப் பக்கத்தில் ஒரு தொல்லை உண்டு. கட்டுரைத் தலைப்புகளின் கீழே வரும் சுருக்கம் நீண்டுகொண்டே போய், பெட்டிகள் கோணல்மாணலாக நிற்கும். நாம் சுருக்கம் எழுதித் தராவிட்டால், வேர்ட்பிரஸ் தானாகவே முதல் 55 சொற்களை வெட்டி எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் 55 சொல் என்றால் நாலைந்து வரி. நமக்கோ ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பதும் ஒரே சொல். இடைவெளியைப் பார்த்து எண்ணும் நிரலுக்கு அது எப்படித் தெரியும்?

55-ஐ 30 ஆக்கினால் போதும். ஆனால் மூலக் கோப்பைத் திறந்து எண்ணைத் திருத்தினால், அடுத்த அப்டேட்டில் புதுக் கோப்பு வந்து பழையதை அழித்துவிடும். திருத்தம் போன இடம் தெரியாது. தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமின் கோப்புகளுக்கும் இதே கதிதான்.

இதற்குத்தான் ஃபில்டர் ஹூக்: வேர்ட்பிரஸ் ஒரு மதிப்பைப் பயன்படுத்தும் முன் அதை நம் நிரலிடம் கொடுத்து, மாற்றி வாங்கிக்கொள்ளும் இடம். 2003-ல் பிறந்த வேர்ட்பிரஸ், 2004-ல் வந்த 1.2 பதிப்பிலேயே இந்த வாசலைத் திறந்துவிட்டது. 55 என்ற எண்ணைப் பயன்படுத்துவதற்குச் சற்று முன்னால் நிரல் ‘அப்ளை ஃபில்டர்ஸ்’ என்ற வரிக்கு வரும். அந்த இடத்தின் பெயர் ‘எக்ஸர்ப்ட் லெங்த்’. இந்தப் பெயருக்கு யாராவது பதிந்து வைத்திருக்கிறார்களா என்று அது பட்டியலைப் பார்க்கும். ‘ஆட் ஃபில்டர்’ எழுதி உங்கள் ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் சிறு நிரலை, பதிந்திருந்தால், 55 அதன் கைக்கு வரும். அது 30-ஐத் திருப்பித் தரும். யாரும் பதியவில்லை என்றால் 55 அப்படியே போகும். இந்த நாலு வரியைச் சைல்டு தீமின் (மூலத் தீமின் மேல் நாம் வைக்கும் சொந்தத் திருத்தங்களின் தொகுப்பு) ஃபங்ஷன்ஸ் கோப்பில் வைக்கலாம். தனியாகச் சின்ன ப்ளகினில், அதாவது கூடுதல் நிரல் தொகுப்பில், வைப்பது இன்னும் நல்லது. தளத்துக்கு வேறு தீம் போட்டாலும் கூட வரும்.

இதைக் கைமாற்று என்றுதான் நான் சொல்வேன். வாங்கியதைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும். கட்டுரையின் உடல் முழுவதும் ‘த கன்டென்ட்’ என்ற ஃபில்டர் வழியாகத்தான் திரைக்கு வருகிறது. அதன் அடியில் ஆசிரியர் குறிப்பு சேர்க்கப் போய், வாங்கியதைத் திருப்பித் தரும் ‘ரிட்டர்ன்’ வரியை ஒருமுறை விட்டுவிட்டேன். தளத்தில் எல்லாக் கட்டுரையும் வெற்றுப் பக்கமாகிவிட்டது. பிழைச் செய்தி ஒன்றுகூட வராததால், காரணத்தைப் பிடிக்க ஒரு மாலை முழுக்கப் போனது. ரிட்டர்னுக்குப் பதில், நேரடியாக அச்சிடும் ‘எக்கோ’ போட்டாலும் இதே கதை, கூடவே குறிப்பு மட்டும் வேறெங்கோ போய் அச்சாகும்.

ஒரே ஹூக்கில் பலர் பதியலாம். யார் முந்தி என்பதை முன்னுரிமை எண் தீர்மானிக்கும், சொல்லாவிட்டால் 10. சின்ன எண்ணுக்கே முதல் கை. ‘த கன்டென்ட்’டில் பத்தி பிரிக்கும் வேலை 10-ல் நடக்கிறது, ஷார்ட்கோடை, அதாவது சதுர அடைப்புக்குறிக்குள் எழுதும் சுருக்கக் கட்டளையை, விரிக்கும் வேலை 11-ல். உங்கள் குறிப்பில் ஒரு ஷார்ட்கோடு இருந்து, அதை 12-ல் சேர்த்தீர்கள் என்றால் விரிப்பவர் ஏற்கெனவே போய்விட்டிருப்பார். சதுர அடைப்புக்குறியோடு வாசகர் கண்ணில் படும். 10-லேயே சேர்த்தால் சரியாக விரியும்.

தலைப்புகளுக்கான ‘த டைட்டில்’ ஃபில்டரில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். மெனுவில் வரும் பெயர்களும் அதே வழியாகத்தான் போகின்றன. தலைப்புக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் வைக்கப் போனால், மெனு முழுக்க நட்சத்திரம் முளைக்கும். ‘இன் த லூப்’ என்ற சோதனையை வைத்து, கட்டுரைப் பட்டியலுக்குள் இருக்கிறோமா என்று பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும்.

சமையல் பிரிவைத் திறந்தால் மேலே ‘கேட்டகரி: சமையல்’ என்று நிற்குமே, அந்த முன்னொட்டுக்கென்றே 2020-ல் வந்த 5.5 பதிப்பில் தனி ஃபில்டர் கொடுத்தார்கள். அங்கே மட்டும் வெற்றுச் சரத்தைத் திருப்பித் தாருங்கள்; ‘சமையல்’ மட்டும் மிஞ்சும்.