ஸ்க்ரூவா, பசையா?

போன வாரம் என் மேசைக்கு ஒரு ட்ரிம்மர் வந்தது. வீட்டு மின்சாதனங்களைப் பிரித்துப் பார்த்து, பழுதானால் சரிசெய்ய முடியுமா என்று தயாரிப்பாளருக்கு அறிக்கை எழுதித் தருவது என் வேலை. இந்த ட்ரிம்மரில் ஒரு ஸ்க்ரூகூட இல்லை. இரண்டு பிளாஸ்டிக் ஓடுகளையும் உருக்கி ஒட்டிவிட்டிருந்தார்கள். கட்டரால் கீறித் திறக்க இருபது நிமிடம் ஆனது. உள்ளே மோட்டார் புதிது போலச் சுற்றியது, பிளேடும் நன்றாகவே இருந்தது. செத்துப் போயிருந்தது விரல் நீள லித்தியம் பாட்டரி மட்டும்தான். சரி, அதை மாற்றலாம் என்றால், கீறித் திறந்த ஓடுகளை மறுபடி மூட வழியில்லை.

பொருள்களைத் தூக்கி எறியாமல் முடிந்தவரை புழக்கத்திலேயே வைத்திருக்கும் ‘வட்டப் பொருளாதாரம்’ பற்றிப் பேசக் கூப்பிடும் இடங்களில் இந்த மாதிரி ஏதாவது ஒன்றைப் பையில் எடுத்துப் போவேன். கேட்க வருபவர்கள் பெரும்பாலும் குப்பை பிரிப்பதைப் பற்றித்தான் எதிர்பார்க்கிறார்கள். தமிழில் சுழற்சிப் பொருளாதாரம் என்றும் எழுதுகிறோம். மறுசுழற்சியோடு குழம்பிவிடுகிறது என்பதால் எனக்கு ‘வட்டம்’தான் வசதி.

இந்த யோசனை குப்பைத் தொட்டியில் பிறக்கவில்லை. 1966-ல் கென்னத் போல்டிங் என்ற பொருளாதார அறிஞர் பூமியை விண்கலத்தோடு ஒப்பிட்டு எழுதினார்: வெளியிலிருந்து சரக்கு வராது, கழிவை எறிய வெளியிடமும் கிடையாது. அடுத்து வந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. 1976-ல் வால்டர் ஸ்டாஹெல் என்ற கட்டடக் கலைஞரும் ஜெனிவீவ் ரெடேயும் ஐரோப்பிய ஆணையத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். தொழில்துறை செலவழிக்கும் ஆற்றலில் சுமார் முக்கால் பங்கு இரும்பு, சிமென்ட் போன்ற மூலப்பொருள்களை உண்டாக்கவே போகிறது, அவற்றைப் பொருளாகச் செய்யக் கால் பங்குதான் என்றார்கள். ஆள்வேலை அப்படியே தலைகீழ். ஆக, பழைய பொருளைப் புதுப்பித்து ஓட்டினால் ஆற்றல் மிச்சம், வேலைவாய்ப்பு கூடுதல். எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் போட்ட கணக்கு இது.

இதிலிருந்தே வரிசையும் வந்துவிடுகிறது. இருப்பதை நீண்டநாள் பயன்படுத்துவது, பழுதுபார்ப்பது, தொழிற்சாலைக்குத் திருப்பிப் புதுப்பிப்பது, இவை எதுவும் முடியாதபோதுதான் உருக்குவது. மறுசுழற்சி கடைசிப் படி. அலுமினியத்தை உருக்கி மறுபடி எடுத்தால் தாதுவிலிருந்து எடுப்பதைவிட ஏறக்குறைய 95 சதவீத ஆற்றல் மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் எல்லாப் பொருளும் அலுமினிய டப்பா இல்லையே. அந்த ட்ரிம்மர் துண்டாக்கும் இயந்திரத்துக்குள் போனால் பாட்டரி தீப்பிடிக்கலாம். மோட்டாரின் செம்புக் கம்பி இரும்புத் துண்டோடு ஒட்டிக்கொண்டு உலைக்குப் போகும். எஃகில் கலந்த செம்பைப் பிரித்தெடுப்பது மகா கஷ்டம்; அளவு மீறினால் சூட்டில் உருட்டும்போது எஃகு வெடிப்பு விடும். மோட்டாராக முழுசாக இருந்தவரை அந்தச் செம்புக்கு இருந்த மதிப்பே வேறு.

2022-ல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உண்டாக்கியது என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம் என்றும் ஐ.நா. அறிக்கை சொல்கிறது. சேகரிப்பு கூட வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் உருக்கி ஒட்டிய ஓடுகளை என்ன செய்வது?

யாருக்கு லாபம் என்பதை மாற்றினால் வடிவமைப்பு தானாக மாறும். விமான இன்ஜின் தயாரிப்பாளர்கள் பறந்த மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் முறை 1960-களிலேயே வந்துவிட்டது. இன்ஜின் நின்றால் தயாரிப்பாளருக்கே நஷ்டம். அப்புறம் எளிதில் கழற்ற முடியாத பாகத்தை அவர்கள் ஏன் வைக்கப்போகிறார்கள்? டென்மார்க்கின் கலுண்ட்போர்க்கில் மின்நிலையத்தின் புகையைச் சுத்திகரிக்கும்போது கிடைத்த ஜிப்சம் பக்கத்துச் சுவர்ப்பலகை ஆலைக்கு மூலப்பொருளானது. அங்கே ஆலைகளுக்கு இடையே இந்த மாதிரிக் கொடுக்கல் வாங்கல் 1970-களிலேயே தொடங்கிவிட்டது, ஜிப்சம் 1990-களில் சேர்ந்தது. இருதரப்புக்கும் காசு மிச்சமானது.

கையில் பிடிக்கும் சின்னச் சாதனங்களில் அந்தக் கணக்கு தானாக வேலை செய்யாது, அங்கே சட்டம்தான் தள்ளவேண்டும். பிரான்சில் 2021-ல் போன், லேப்டாப் போன்ற சிலவற்றுக்குப் பத்துக்கு எத்தனை என்று பழுதுபார்ப்பு மதிப்பெண் காட்டுவதைக் கட்டாயமாக்கினார்கள். உதிரிபாகத்தின் விலையும் அதில் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சில விலக்குகள் போக, கையடக்கச் சாதனங்களின் பாட்டரியை 2027 பிப்ரவரி முதல் பயனரே கழற்ற முடிய வேண்டும்.

ட்ரிம்மருக்கு வருவோம். நாலு ஸ்க்ரூ போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அசெம்பிளி லைனில் சில விநாடி கூடும், ஓட்டின் அச்சை மாற்றவேண்டும் என்று கூட்டத்தில் இழுத்தார்கள், கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். நேற்று புது மாதிரி வந்தது. நாலு ஸ்க்ரூ இருந்தது. தலையில் மூன்று இதழ் வெட்டு. சாதாரண ஸ்க்ரூடிரைவர் எதுவும் உள்ளே இறங்கவில்லை. இரண்டாவது அறிக்கையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.