அடுக்குக் கட்டணம்: தண்ணீர் ரசீதில் வரும் ‘ஸ்லாப்’ என்ன சொல்கிறது?

கரண்ட் பில்லிலும் வருமான வரியிலும் பழகிப்போன ‘ஸ்லாப்’, அதாவது அளவு கூடக் கூட வீதமும் ஏறும் முறை, தண்ணீர்க் கட்டணப் பேச்சிலும் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் கனத்த தட்டைக் கல்லுக்கோ பலகைக்கோ உரிய பெயர் அது. சேலத்துத் தெருக்களில் சாக்கடையை மூடியிருப்பதையும் ஸ்லாப் என்றுதான் சொல்கிறோம்.

கூடவே வரும் ‘டாரிஃப்’ அரபியிலிருந்து கிளம்பிய சொல். அங்கே ‘தஃரீஃப்’ என்றால் அறிவித்தல். இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்து விலைப்பட்டியல் ஆனது. இந்தியில் பாராட்டைக் குறிக்கும் ‘தாரீஃப்’ கூட இதே அரபிச் சொல்தான். தமிழில் ‘கட்டண வீதம்’ போதும். ஆனால் ‘தண்ணி வரி’ என்று பேசும் பழக்கத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். புழங்கிய அளவுக்குக் கொடுப்பது கட்டணம். வரிக்கு அந்தக் கணக்கு கிடையாது.

சரி, ஸ்லாபுக்குத் தமிழ்? ‘படிநிலைக் கட்டணம்’ என்று எழுதுகிறார்கள், தவறில்லை. அதைச் சுருக்கிப் ‘படி’ என்றால் பயணப்படியும் அரிசிப்படியும் குறுக்கே வரும். நான் ‘அடுக்குக் கட்டணம்’ என்பேன். அடுக்குப் பானையில் மேல் பானை வந்து உட்கார்ந்ததால் கீழ்ப் பானை மாறிவிடுவதில்லை. இந்த முறையின் உயிரும் அதுதான்.

ஒரு பேச்சுக்கு வீதம் வைத்துக்கொள்வோம். ஒரு கிலோலிட்டர் என்பது 1,000 லிட்டர். மாதத்தில் முதல் 15 கிலோலிட்டருக்குத் தலா 5 ரூபாய், அடுத்த 10-க்கு 10 ரூபாய், அதற்கு மேல் 20 ரூபாய். 27 கிலோலிட்டர் புழங்கிய வீட்டுக்கு 75 + 100 + 40, ஆக 215 ரூபாய். ‘மேல் ஸ்லாபுக்குப் போயிட்டோம், எல்லாத் தண்ணிக்கும் 20 ரூபாயாம்’ என்று பயந்தால் கணக்கு 540-க்குப் போகும். பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டு மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கு ஒன்றின் வீதமும் உயர்கிறதே! தண்ணீருக்கு அந்த வழி வேண்டாம்.

விலையே எதற்கு என்றால், சேலம் குடிக்கும் காவிரித் தண்ணீர் மேட்டூரிலிருந்து வருகிறது. அணை நிரம்பினாலும் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 790 அடிதான். சேலம் நகரம் இருப்பதோ 900 அடிக்கு மேல். ஒவ்வொரு குடமும் மோட்டார் வைத்து ஏற்றியது. அதனால் தேவைக்கு மேல் எடுப்பவர் கூடக் கொடுப்பது நியாயம்.

ஆனால் தேவை எது? அடுக்குகளை வகுப்பதில் நிஜமான சிக்கல் இங்கேதான். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு நாட்டில் பின்பற்றும் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். நாலு பேர் குடும்பத்துக்கு 30 நாளில் 16,200 லிட்டர். முதல் அடுக்கை 10 கிலோலிட்டரில் நிறுத்தினால் சாதாரணக் குடும்பமே மேலே ஏறிவிடும். 40 வரை நீட்டினால் தோட்டத்துக்கு ஹோஸ் பிடிப்பவரும் மலிவு விலையிலேயே இருப்பார்.

அப்புறம், சேலத்தின் குகை, அம்மாப்பேட்டை போன்ற பகுதிகளில் ஒரே இணைப்பில் மூன்று, நாலு குடித்தனம் புழங்கும் வளவுகள். ஆளுக்கு நாலு குடம் சிக்கனமாகப் பிடித்தாலும் மீட்டர் ஒன்றுதான், கூட்டுத்தொகை மேல் அடுக்கில் போய் நிற்கும். தனி வீட்டுக்காரர் கீழே, இவர்கள் மேலே. குடித்தன எண்ணிக்கையால் அடுக்கைப் பெருக்கினால் இது தீரும்: நாலு குடித்தனம் என்றால் முதல் அடுக்கு 15 இல்லை, 60. ரசீதில் இணைப்பு எண்ணுக்குப் பக்கத்தில் ‘குடித்தனங்கள்’ என்று ஒரு கட்டம் வேண்டும். குடிவருவதும் காலி செய்வதும் இருக்கும் என்பதால் அந்த எண்ணை வருடத்துக்கு ஒரு முறையாவது நேரில் சரிபார்க்கவும் வேண்டும்.