நிலவில் இறங்க ஃப்ளோரிடாவில் ஓர் ஒத்திகை

நிலவில் இறங்கும் கலத்துக்கு மலையைப் பற்றிப் பெரிய கவலை கிடையாது, அது முன்பே எடுத்த படங்களில் தெரிந்துவிடும். முழங்கால் உயரம்கூட இல்லாத கல்தான் ஆபத்து. நாசாவின் எல்.ஆர்.ஓ. சுற்றுக்கலம் எடுக்கும் துல்லியமான படத்திலேயே ஒரு புள்ளி என்பது சுமார் 50 செ.மீ. தரை, 30 செ.மீ. பாறை அதில் தனியாகத் தெரியாது, ஆனால் கலத்தின் ஒரு கால் அதன்மேல் ஏறினால் கலமே கவிழலாம். அப்போலோ 11 இறங்கியபோது பாறைக் குவியலைக் கண்டு விலக்கி ஓட்ட ஆம்ஸ்ட்ராங் இருந்தார். ஆளில்லாத கலத்துக்கு அந்தக் கண்ணை நாம்தான் செய்து வைக்க வேண்டும்.

நாசாவின் ஆல்ஹாட் திட்டம் செய்த கண், ஃபிளாஷ் லைடார். லேசர் துடிப்பு ஒன்றைத் தரைமேல் பரப்பி அடித்து, திரும்பி வரும் ஒளியை 128 × 128 புள்ளிகளில் வாங்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளி போய்வந்த நேரத்தை அளக்கும். ஒளி ஒரு நானோநொடியில், அதாவது ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், 30 செ.மீ. ஓடும். அப்படியென்றால், நேர் மேலிருந்து பார்க்கும்போது, 30 செ.மீ. பாறையின் உச்சியில் பட்ட ஒளி பக்கத்துத் தரையில் பட்டதைவிட இரண்டே நானோநொடி முந்தி வரும். பாறை இருப்பதற்கு அதுதான் துப்பு! ஒரு துடிப்பில் சின்ன இடம்தான் தெரியும் என்பதால் கருவியைத் திருப்பித் திருப்பிப் பல துண்டுகள் எடுத்து, கலம் நகர்ந்துகொண்டே இருப்பதையும் கணக்கில் சேர்த்து, மேடுபள்ள வரைபடமாக ஒட்ட வேண்டும். அதுவும் சில நொடிகளுக்குள்.

இதைக் கணினியில் மட்டும் ஓட்டிப் பார்த்தால் போதாது, இன்ஜின் அதிர்வில் என்ன ஆகும் என்பது பறந்தால்தான் தெரியும். ஃப்ளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்தில் விண்ணோடம் இறங்கிய ஓடுபாதையின் கோடியில் 100 மீட்டருக்கு 100 மீட்டர் பாறையும் பள்ளமுமாக ஒரு நிலாத்தரையையே உருவாக்கினார்கள். சோதனைக்கு மார்ஃபியஸ் என்ற கலம். 2012 ஆகஸ்ட் 9 அன்று, கட்டுக் கயிறு இல்லாமல் கிளம்பிய முதல் தடவையே, அசைவை அளக்கும் கருவியிலிருந்து தரவு நின்றுபோய் விழுந்து எரிந்தது. சரி, இன்னொன்று கட்டினார்கள். அது லைடாரைச் சுமந்து 2014 மே 28 அன்று இரவில் பறந்து, பத்திரமாக இறங்கியது.

இரவில் பறந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சந்திரயான்-3இன் விக்ரமும் 150 மீட்டர் உயரத்தில் நின்று இடம் பார்த்துத்தான் இறங்கியது, ஆனால் அது பார்த்தது கேமராவால். அதற்கு வெயில் வேண்டும். நிலவின் துருவத்தில் சூரியன் அடிவானத்தை ஒட்டியே சுற்றும், உறைபனி இருக்கும் பள்ளங்களில் வெயிலே படாது. அங்கே இறங்க, வெளிச்சத்தைக் கையோடு கொண்டுபோகும் கருவிதான் வேண்டும்.