கிழிந்த சதையை உருவாதீர்கள்

பின்தொடைச் சதை கிழிந்து என்னிடம் வந்தவர்களில், இந்த மாதத்தில் இவன் நான்காவது பையன். பென்னாகரம் பக்கம்; போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறான். விடியற்காலைக் குளிரில், உடம்பு சூடாகும் முன்பே 100 மீட்டர் பாய்ந்திருக்கிறான். பின்தொடையில் யாரோ கல்லால் அடித்த மாதிரி இருக்க, திரும்பிப் பார்த்தானாம். அன்று சாயங்காலமே எண்ணெய் காய்ச்சி உருவியாயிற்று. மறுநாளும். ஐந்தாம் நாள் என்னிடம் வந்தபோது முழங்கால் மடிப்புவரை கருநீலம்.

"நரம்பு பிசகிக்கிச்சுங்க சார். உருவுனவரு சரியா எடுக்கல போல" என்றார் அம்மா.

அம்மா, நரம்பு பிசகாது. எத்தனை முறை சொன்னாலும் இதை மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக வரும் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும் கம்பிதான் நரம்பு. அது நசுங்கலாம், அறுபடலாம். அப்போது கால் மரத்துப்போகும், வலுக் குறையும். ஓடும்போது இடம் மாறி உட்கார்ந்துகொண்டு, கட்டைவிரலால் தள்ளினால் பழைய இடத்துக்குத் திரும்புகிற பொருள் அல்ல அது. விரலுக்கடியில் கயிறு மாதிரி உருள்வதைக் காட்டி "இதோ நரம்பு" என்கிறார்களே, அது பெரும்பாலும் தசைநாண். உட்கார்ந்து முழங்காலை மடக்கி, மடிப்பின் இரு ஓரத்தையும் தொட்டுப் பாருங்கள். அங்கே தட்டுப்படுபவை பின்தொடைச் சதையை எலும்போடு கட்டும் நாண்கள். எல்லோருக்கும் உண்டு.

தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. முன்தொடை இழுத்தால் முழங்கால் நீளும், பின்தொடை இழுத்தால் மடங்கும். வேகமாக ஓடுகையில் முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, பின்தொடை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. பெரும்பாலும் கிழிவது அந்த நொடியில்தான். கிழிந்தால் உள்ளே ரத்தமும் கசியும். அதன்மேல் சூட்டெண்ணெய் விட்டு அழுத்தினால், ஒட்டத் தொடங்கிய இடம் மறுபடி பிரியும். பலமாக அடிபட்ட தொடையைத் திரும்பத் திரும்பத் தேய்த்து, சதைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடுவதும் உண்டு. எக்ஸ்ரேயைக் காட்டினால்தான் சிலர் நம்புகிறார்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் உருவுவது, ஒத்தடச் சூடு, தைலம் எதுவும் வேண்டாம். துண்டில் சுற்றிய ஐஸை 15 நிமிடம், ஒரு நாளில் சில தடவை வையுங்கள். கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலைத் தலையணைமேல் உயர்த்துங்கள். 'டப்' என்று சத்தம் கேட்டிருந்தாலோ, கால் ஊன்ற முடியாவிட்டாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அடியே படாமல் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அதைத் தொட்டுத் தேய்க்கவே கூடாது; உள்ளே ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் காபி நிறத்தில் போனாலும் நேராக ஆஸ்பத்திரிதான்.

சின்னக் கிழிசல் ஆற இரண்டு மூன்று வாரம், பெரியது என்றால் மாதக்கணக்கு. வலி போனதும் ஓடக் கிளம்பாதே தம்பி. பலம் திரும்புவதற்கு முன்பே வலி போய்விடும். போலீஸ் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்கும் ஆசையில் கிழிந்த இடத்தையே மறுபடி கிழித்துக்கொண்டு வருபவர்களைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

மைதானத்தில் பயிற்சி கொடுக்கும் அண்ணன்களே, உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளைகள் முதலில் 10 நிமிடம் மெதுவாக ஓடட்டும், அப்புறம் விசில் ஊதுங்கள்.