உலை கழுவாத அழுக்கு

ஓசூர் ராயக்கோட்டை சாலையில் ஒரு பழைய இரும்புக் கடை. வாசலில் அமர்ந்திருந்த பெண், கயிற்றில் கட்டிய காந்தத்தை ஒவ்வொரு துண்டின் மேலும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிள் என்ஜின் மூடி ஒன்றில் காந்தம் 'டக்'கென்று ஒட்டியது. உள்ளே துருப்பிடித்த போல்ட். உளி வைத்துத் தட்டி அதைக் கழற்றிய பிறகே மூடியை அலுமினியக் குவியலில் போட்டார். "போல்ட்டோடு போனால் அடிமாட்டு விலைதான், அண்ணா" என்றார்.

எல்லாவற்றையும் உலையில் போட்டால் சுத்தமாகிவிடாதா? செம்பு சுத்தமாகிவிடும். அலுமினியம் ஆகாது.

உருகிய செம்பில் காற்றை ஊதினால், அதில் கலந்திருக்கும் இரும்பும் துத்தநாகமும் செம்பை முந்திக்கொண்டு ஆக்சிஜனோடு சேர்ந்து பிரிந்துவிடும். மிச்ச அழுக்கை, மின்சாரம் செலுத்திப் பிரிக்கும் மின்பகுப்பு எடுத்துவிடும், 99.99 சதவீதம் தூய செம்பு கிடைக்கும். அலுமினியத்துக்கோ ஆக்சிஜன் மேல் அப்படியொரு பிடிப்பு. காற்றை ஊதினால் முதலில் எரிவது அலுமினியமே. இரும்பு அலுங்காமல் உள்ளே கிடக்கும்.

இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும், அலுமினியத்துக்கு 660 போதும். ஆனாலும் உருகிய அலுமினியத்தில் இரும்பு மெல்லக் கரைகிறது. ஆறும்போது அதுவே ஊசி ஊசியாக உறைந்து வார்ப்பை நொறுங்கவைக்கும். அதற்கு ஆலைகள் பெரும்பாலும் செய்வது, புது அலுமினியத்தைக் கலந்து இரும்பின் அளவைக் குறைப்பதுதான்.

அந்தப் புது அலுமினியம் எளிதில் வருவதில்லை. பாக்சைட் தாதுவிலிருந்து எடுக்கும் அலுமினாவை, அதாவது ஆக்சிஜனோடு சேர்ந்த அலுமினியத்தை, 2,000 டிகிரிக்கு மேல்தான் உருக்க முடியும். 1886இல் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் எரூ என்பவரும் தனித்தனியே ஒரே வழியைக் கண்டார்கள்: கிரயோலைட் என்ற கனிமத்தை உருக்கிய குழம்பில் அலுமினாவைக் கரைத்து, சுமார் 960 டிகிரியில் மின்சாரம் செலுத்துவது. இன்றும் அதே முறைதான். கிலோவுக்குச் சுமார் 14 யூனிட் மின்சாரம் போகிறது. கார்பன் மின்முனை எரிந்து கார்பன் டை ஆக்சைடு கிளம்புகிறது. பாக்சைட்டைச் சுத்திகரித்த இடத்தில் காரம் மிகுந்த செஞ்சேறு குவிகிறது. சேலம் மாவட்டம் மேட்டூரில் இயங்கிய அலுமினிய ஆலைக்காக, பாக்சைட் எடுக்கச் சேர்வராயன் மலையையும் கொல்லிமலையையும் வெட்டினார்கள்.

பழையதை உருக்க இந்த ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவீதம் போதும். ஆக்சிஜனிடமிருந்து பிரிக்கும் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டதே! பெண் தட்டி எடுத்த அந்த போல்ட் உள்ளேயே போயிருந்தால், இந்த லாபத்தில் ஒரு பகுதி புது அலுமினியத்துக்கே திரும்பிப் போயிருக்கும். அவருடைய உளிக்கு நான் தரும் மரியாதை அதனால்தான்.

நெருப்பு எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடும் என்ற நம்பிக்கைதான் ஏரிக்கரைகளில் வயரைக் கொளுத்தவும் வைக்கிறது. வயரின் பிவிசி பிளாஸ்டிக் உறை எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு எழும்பும். மூச்சிலும் மண்ணிலும் இறங்கும். கரி படிந்த கம்பிக்கு விலையும் குறைவு. இந்தப் பெண் பலகையில் பிளேடைப் பதித்து வயரை இழுத்து உரிக்கிறார். கறுப்புத் தோல் ஒரு பக்கம் சுருண்டு விழ, மறுபக்கம் செம்பு பளபளவென்று நீள்கிறது.