ஏழு நொடி விதி என்று ஒன்று கிடையாது

மறுபடியும் ஒரு முதல் ஆல்பம், மறுபடியும் அதே அழைப்பு. "அண்ணே, பாட்டுக்குக் கிளெய்ம் வந்திருக்கு. என்ன செய்யுறது?" இது எங்களுடையது என்று வேறு யாரோ உரிமை கோருகிறார்கள் என்று அர்த்தம். கோலாலம்பூரில் மிக்சிங், மாஸ்டரிங் செய்து பிழைப்பவன் நான். வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் சிக்கல் வந்தால் பையன்கள் முதலில் தேடுவது எங்களைப் போன்ற ஆட்களைத்தான். வழக்கறிஞருக்குக் கட்டணம் உண்டு, எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்.

இந்த முறை நான்கு பேர் கொண்ட பாப்-ராக் குழு. எல்லாவற்றையும் வீட்டில் லேப்டாப்பிலேயே பதிவு செய்து, வெளியிட்டு, மாட்டிக்கொண்ட பிறகு வந்தார்கள். பாடகியின் குரல் அருமை. சிக்கல், ஒரு பாட்டின் தொடக்கத்தில் வரும் பழைய தமிழ்ப் படப் பாட்டின் வயலின் துண்டு. சுருதியைக் கொஞ்சம் ஏற்றி, வேகத்தைக் குறைத்து, மேலே எதிரொலி பூசியிருந்தார்கள். ஏன் எடுத்தீர்கள் என்றால், "ஏழு செகண்டுக்குள்ள எடுத்தா பரவாயில்லதானே அண்ணே?"

இந்த ஏழு நொடியை யார் கிளப்பிவிட்டார்களோ! சிலர் ஐந்து என்கிறார்கள், சிலர் முப்பது, இன்னும் சிலர் எட்டு பார் (தாளக் கட்டு). எந்த எண்ணும் சட்டத்தில் இல்லை. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் முழுப் படைப்பையோ அதன் கணிசமான பகுதியையோ பற்றித்தான் பேசுகிறது. கணிசம் என்பதைக் கடிகாரம் வைத்து அளக்க முடியாது. கேட்டதும் 'அட, அந்தப் பாட்டு!' என்று சொல்ல வைக்கும் இடமே மூன்று நொடியாக இருக்கலாம். அந்தத் துண்டை நீங்கள் எடுத்ததே எல்லாருக்கும் அது தெரியும் என்பதால்தானே? நியாயமான பயன்பாட்டுக்கு விலக்கு உண்டு, சரி. அதிலும் எதற்காக எடுத்தீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள், மூலப் படைப்பின் சந்தைக்கு என்ன பாதிப்பு என்றுதான் பார்ப்பார்கள். நொடிக்கணக்கு அங்கேயும் இல்லை. சுருதியை மாற்றினால், ஏற்றும் பாட்டைத் தானாக ஒப்பிட்டுப் பார்க்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியின் காதுக்குத் தப்பலாம் என்பது இன்னொரு நம்பிக்கை. பல நேரம் தப்பாது. தப்பினாலும் துண்டு உங்களுடையது ஆகிவிடாது, இன்னும் மாட்டவில்லை, அவ்வளவுதான்.

பிரிட்டனின் தி வெர்வ் குழுவுக்கு நடந்ததைத் தேடிப் படியுங்கள். 1997-இல் வந்த அவர்களுடைய மிகப் பெரிய பாட்டு, ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்றின் ஆர்க்கெஸ்ட்ரா வடிவத்திலிருந்து எடுத்த சிறு துண்டின் மேல் நின்றது. அந்த ஒலிப்பதிவுக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். மெட்டின் உரிமையோ வேறொருவர் கையில். பாட்டின் பதிப்புரிமை வருமானம் கைவிட்டுப் போனது. எழுதிய ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்ட்டுக்கு அது திரும்பி வந்தது 2019-இல். மெட்டும் வரியும் ஓர் உரிமை, ஒலிப்பதிவு இன்னொன்று. "நாங்களே திரும்ப வாசிச்சிட்டோமே" என்றால் ஒலிப்பதிவுச் சிக்கல் மட்டும்தான் தீரும்.

இதே குழு எதற்குப் பயந்துகொண்டிருந்தது தெரியுமா? கோரஸ் ஒரு வெளிநாட்டுக் குழுவைப் போல இருக்கிறது என்று யாரோ சொன்னதற்கு! அடப் பிள்ளைகளா, அதற்காகவா தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்? கிதாரின் தொனி, டிரம்மின் நடை, சி-ஜி-ஏ மைனர்-எஃப் என்ற நான்கு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), இவை யாருடைய சொத்தும் இல்லை. 2023-இல் நியூயார்க் ஜூரி பாடகர் எட் ஷீரன் பக்கம் தீர்ப்புச் சொன்ன வழக்கில் சண்டையே இப்படிப்பட்ட பொதுவான கார்டு வரிசையைப் பற்றித்தான். பினாங்கின் அலிகேட்ஸ் குழுவிலும் மேற்கத்திய பாப்பின் சாயல் இருந்தது. அதனால் அதன் பாடகர் டேவிட் ஆறுமுகத்தின் குரலை வேறு யாருடையது என்றாவது நினைத்தோமா? முதல் ஆல்பத்தில் பிடித்தவர்களின் நிழல் விழத்தான் செய்யும்.

மெட்டு மட்டும் வேறு கதை. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் தன் பாட்டு ஒன்றின் மெட்டை வேண்டுமென்றே திருடவில்லை என்றுதான் 1976-இல் அமெரிக்க நீதிமன்றமும் நினைத்தது. ஆழ்மனத்தில் கிடந்த பழைய மெட்டு அவரை அறியாமல் வெளிவந்திருக்கிறது என்றது. அப்படியும் நகல் நகல்தான் என்று தீர்ப்பு. அதனால் டெமோவை உங்கள் வயது நண்பர்களிடம் மட்டும் போட்டுக் காட்டாதீர்கள். மின்னல் எஃப்எம் தமிழ் வானொலி கேட்டு வளர்ந்த அத்தை ஒருவர் எல்லார் வீட்டிலும் இருப்பார். அவரை உட்கார வைத்துப் பாடிக் காட்டுங்கள். எந்த மென்பொருளையும்விட அவர் வேகமாகப் பிடித்துவிடுவார்.

அப்புறம் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடும் ஆயத்த இசைத் துண்டு. அவற்றை விற்கும் ஸ்பிளைஸ் தளத்தில் வாங்கியது என்றால் பயன்படுத்தலாம், தவறில்லை. ஆனால் அதே லூப்பை வேறு யார் யாரோ வாங்கியிருப்பார்கள். அவர்களில் ஒருவர் தன் பாட்டைக் கன்டென்ட் ஐடியில் ஏற்றிவிட்டால் கிளெய்ம் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். உரிமச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். வாடகைக்கு வாங்கிய பீட் (ஆயத்தப் பின்னணி இசை) என்றால், எத்தனை ஸ்ட்ரீம் வரை அனுமதி என்று வாசித்துப் பாருங்கள். யாரும் வாசிப்பதில்லை.

தேதியிட்ட புராஜெக்ட் ஃபைல்களையும், கைப்பேசியில் முணுமுணுத்துப் பதிந்த முதல் மெட்டையும் அழிக்காதீர்கள். பதிப்புரிமை தானாகவே வந்துவிடும், எங்கும் போய்ப் பதிவு செய்வது கட்டாயமில்லை. என்றாலும் 2012 முதல் மலேசிய அறிவுசார் சொத்து அமைப்பான மைஐபிஓவிடம் விருப்பத்தின் பேரில் அறிவிக்கும் வசதி இருக்கிறது. அந்தப் பதிவேட்டின் சான்றிட்ட நகல் நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக எடுபடும். யார் மெட்டுப் போட்டார், யார் வரி எழுதினார், யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை ஒத்திகை அறையிலேயே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சும்மா வந்து பிரிட்ஜை (பாட்டின் இடையில் வரும் மாறுபட்ட பகுதியை) வாசித்துவிட்டுப் போன நண்பனையும் சேர்த்துத்தான். நட்பு இருக்கும்போதே எழுதுவது நல்லது, பிரிந்த பிறகு யார் எழுதுவார்கள்?

கடைசியாக, பாட்டை ஏற்றும்போது 'இது முழுக்க என் உரிமை' என்று ஒரு பெட்டி வருமே, தயவுசெய்து அதைப் படித்துவிட்டு டிக் செய்யுங்கள். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இந்தக் குழுவின் கணக்கு கிதாரிஸ்டின் அக்கா பெயரில் இருந்தது. கடன் அட்டை அவரிடம்தான் இருந்ததாம். ஆல்பத்தில் எத்தனை பாட்டு என்றுகூட அவருக்குத் தெரியாது.